பூவரசு நிழலில் நின்றவர்கள்

அன்று கங்கையம்மன் கோவில் முன்னால் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

விமலா மேடம் இருந்தார். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு மாடியில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் ஆபீஸ். அங்கே எனக்கு மேலே இருந்தவர். சமூகப் பணி என்று காலேஜில் படித்தவர். எவ்வளவு வெயில் அடித்தாலும் குடை பிடிக்கமாட்டார்.

ஊர்த் தலைவர் ஏழுமலை இருந்தார். பேசுவதற்கு முன் தோள் துண்டை எடுத்து நாலாக மடிப்பார். அவர் மடித்து முடிக்கிறவரை மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

ருக்கு இருந்தாள். எண்ணூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மீன் விற்கிறவள். அவளுக்கு மடிக்கத் துண்டு கிடையாது. பேசிக்கொண்டே இருப்பாள்.

தேசம்மா அக்கா இருந்தாள். ஊரின் கடைசிக் குடிசை அவளுடையது.

வீட்டுக்கு ஒருத்தி என்று வந்த பெண்கள் இருந்தார்கள். அறுபது பேருக்கு மேல்.

கொஞ்சம் தள்ளி, பூவரச மரத்து நிழலில், இன்னும் சில பெண்கள் நின்றார்கள். தேசம்மா அக்காவும் அங்கேதான் நின்றாள்.

நான் இருந்தேன். கோலமாவு டின் என் கையில் இருந்தது.

போன வாரம் எங்கள் குப்பத்துக்குக் குழாய் வந்ததை எழுதினேன். இது அதற்கு அடுத்த வருஷம். தொண்ணூறுகளின் கடைசி. மாசி மாதம் என்று நினைப்பு. ஆறு கடலில் சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே எங்கள் குப்பம். பேர் எழுதவில்லை. ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் சாம்பல் எப்போதும் உண்டு. அனல்மின் நிலையப் புகைக்கூண்டுப் பக்கமிருந்து காற்றில் வரும். காய்ந்த துணியை உதறித்தான் மடிக்க வேண்டும். சோற்றுப் பானையை மூடியே வைக்க வேண்டும். ஊருக்குத் தெற்கே அது குவியலாகவே கிடந்தது. பாத்திரம் தேய்க்க அங்கிருந்து அள்ளிக்கொண்டு வருவோம்.

மாவும் புளியங்கொட்டையும்

விஷயம் இதுதான். ஆற்றோரம் இருந்த குடிசைகளுக்கு மழைக்காலத்தில் தண்ணீர் வரும். அந்தக் குடிசைகளை மேட்டுக்கு மாற்றிக் கல் வீடு கட்டித் தர ஒரு உதவி வந்திருந்தது. எத்தனை வீடு என்று எங்கள் ஆபீஸைக் கேட்டார்கள்.

ஆபீஸில் உட்கார்ந்து பட்டியல் எழுதக் கூடாது என்பது மேடம் கொள்கை. ஊர் கூடி, ஊர்ப் படத்தை மண்ணில் வரைய வேண்டும். அவரவர் வீட்டை அவரவர் கையால் போட வேண்டும். அதை அப்படியே சார்ட் பேப்பரில் எடுத்துத் தலைவர் கையெழுத்துப் போட்டால் அதுதான் பட்டியல். படத்தில் இருக்கிற வீட்டுக்குக் கல் வீடு உண்டு.

இதைக் கற்றுக்கொள்ள என்னை மாதவரத்தில் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பெரிய ஹால். மின்விசிறி ஓடியது. பாய் விரித்து உட்கார்ந்தோம். வந்தவர்கள் எல்லாம் பத்தாவது, பன்னிரண்டாவது. நான் ஏழாவது. சொல்லிக்கொடுத்தவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "நீங்க வாயைத் திறக்காதீங்க. குச்சிய மக்கள் கையில குடுங்க." வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. அதனால் நல்ல பேர் வாங்கினேன். மதியம் சாம்பார் சாதத்தோடு அப்பளம் போட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் குச்சி சரிப்படாது. கோலமாவு கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். மேடத்துக்கு அது பிடித்துப் போயிற்று. "இதை உன்னாலதான் யோசிக்க முடியும் கஸ்தூரி" என்றார்.

காலையில் போய்க் கோவில் முன்னால் தரையைப் பெருக்கினேன். தண்ணீர் தெளித்தேன். காய்வதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

முதலில் ருக்கு குனிந்தாள். கோவிலை ஒரு சதுரமாகப் போட்டாள். ஆற்றுக்கு நீல மாவில் ஒரு வளைவு. பிறகு அவள் வீடு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை புளியங்கொட்டை உள்ளே வைக்க வேண்டும். அவள் ஆறு கொட்டையும் ஒரு கருங்கல்லும் வைத்தாள்.

"கல் எதுக்கு ருக்கு?" என்றார் மேடம்.

"அது எங்க வூட்டுக்காரு மேடம்."

"ஏன், அவருக்குக் கொட்டை கிடையாதா?"

"கொட்ட வெச்சா மொளச்சி எதுனா பிரயோஜனம் ஆவும். இது அசையாது. துன்ற நேரத்துக்கு மட்டும் உருண்டு வரும்."

பெண்கள் சிரித்தார்கள். தலைவர் துண்டை மடிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நான் டின்னை நீட்டுவேன். கை உள்ளே போகும். வெள்ளையாக வெளியே வரும். பெண்டாட்டி செத்துத் தனியாக இருந்த ஆறுமுகம் வீட்டை அவன் அண்ணி போட்டாள். "பாவம், ஒண்டி ஆளு" என்று ஒரு வாசற்படியும் சேர்த்துப் போட்டாள்.

மேடம் பூவரச மரத்தைப் பார்த்தார். "கஸ்தூரி, அவங்க ஏன் தள்ளி நிக்கிறாங்க?"

"வெயிலுக்கு மேடம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. பொய் சொல்கிறோம் என்றும் தோன்றவில்லை. அதுதான் வாயில் வந்தது.

எண்ணினோம். அறுபத்து நாலு வீடு. மேடம் சார்ட்டில் எடுத்தார். தலைவர் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் காற்று வந்து மாவைக் கலைத்துவிட்டது.

டின் கை மாறிய நாள்

மரத்தடியில் நின்றவர்கள் யார் என்பதை இப்போது எழுத வேண்டும். தாலி அறுத்தவர்கள். எங்கள் ஊரில் கோவில் முன்னால் போடுகிற கோலத்தை அவர்கள் தொடுவதில்லை. தொடாதே என்று யாரும் சொல்வதும் இல்லை. சொல்ல வேண்டியதே வராது.

எனக்கு அது எப்படித் தெரிய வந்தது என்றால், என் வீட்டுக்காரர் முகத்துவாரத்தில் போனார். படகு கிடைத்தது. அவர் மூன்றாம் நாள் கிடைத்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அடுத்த ஆடியில் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். வருஷா வருஷம் போகிற பழக்கத்தில் நானும் மாவு டின்னை எடுத்துக்கொண்டு போனேன். குனியப் போனேன். ருக்கு பக்கத்தில் வந்தாள். டின்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். துடைப்பத்தைக் கொடுத்தாள்.

அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. நான் பெருக்கினேன். தண்ணீர் தெளித்தேன். பிறகு மரத்தடியில் போய் நின்றேன். தேசம்மா அக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஆற்றில் இறால் தடவிப் பிழைத்தேன். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது. நகம் எல்லாம் கறுத்துப் போகும். அப்படி ஒரு நாள் கரையேறி வரும்போது மேடம் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். "படிக்கத் தெரியுமா?" என்றார். பஸ் போர்டு படிப்பேன் என்றேன். ஒரு நோட்டீஸைக் கொடுத்தார். திக்கித் திக்கிப் படித்தேன். அடுத்த மாதம் முதல் ஊர்ப் பணியாளர் ஆனேன். கையில் ஒரு பை, ஒரு நோட்டு.

ஊரில் "இன்னா ஆபீஸுக்காரி, இன்னிக்கு இன்னா எய்திகினு போற?" என்பார்கள். கேலிதான். ஆனால் என்னிடம்தான் வந்து சொல்வார்கள்.

கோவில் முன்னால் படம் போட்ட அன்று தரை பெருக்கியது நான். தண்ணீர் தெளித்தது நான். டின்னைப் பிடித்தது நான். மாவுக்குள் கை வைக்கவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

சிமெண்ட் தரை

தேசம்மா அக்காவுக்கு ஒரே மகள். செல்வி. பழவேற்காட்டில் கட்டிக் கொடுத்திருந்தாள். முதல் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வந்தது. ஐப்பசி மழை. பிள்ளை பிறந்த நாலாம் நாள் ஆறு உள்ளே வந்துவிட்டது. முட்டிக்கால் தண்ணீர். இரண்டு மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் பலகை போட்டுத் தாயையும் பிள்ளையையும் உட்கார வைத்தோம். கூரையும் ஒழுகியது. தேசம்மா அக்கா இரவும் பகலும் பிள்ளைக்கு மேல் ஒரு முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டது.

மாமியார்க்காரி வந்தாள். சண்டை போடவில்லை. குடிசைக்குள் போய்த் தரையைக் காலால் அமுக்கிப் பார்த்தாள். குதிகால் உள்ளே போனது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகும்போது சொன்னாள்.

"சிமெண்ட் தர போடு. அப்பால இட்டுகினு வரேன்."

கோவில் முன்னால் படம் போட்டபோது அதற்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. செல்வி வரவில்லை. பழவேற்காடு பக்கம் போகிறவர்கள் கையில் தேசம்மா அக்கா கருவாடு கொடுத்தனுப்புவாள். அதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டாள். மேட்டில் கல் வீடு வரப்போகிறது என்று நான் போய்ச் சொன்ன அன்று மட்டும் ஒன்று கேட்டாள்.

"தர இன்னாத்துல போடுவாங்க?"

"சிமெண்ட்லதான்கா."

"சர்த்தான்" என்றாள்.

எண் போட்ட கற்கள்

நாலு மாதம் கழித்து மேட்டில் கல் நட்டார்கள். சுண்ணாம்பு அடித்த கல். சிவப்பில் எண். ஒரு எண் ஒரு வீடு. என் கையில் பேர் எழுதிய தாள் இருந்தது. ஊரே மேட்டுக்கு வந்துவிட்டது. பேர் வாசித்தேன். அவரவர் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். ருக்கு தன் கல்லின்மேல் உட்கார்ந்தே விட்டாள். "யார்னா வந்து தூக்கிகினு போயிட்டா இன்னா பண்றது" என்றாள்.

அறுபத்து நாலும் வாசித்து முடித்தேன். தேசம்மா அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"எங்குது எது?"

தாளை மறுபடி பார்த்தேன்.

"கடசி கல்லா? நம்முது கடசி வூடுதான."

கடைசிக் கல் அவள் கொழுந்தன் பேரில் இருந்தது.

அக்கா ஒவ்வொரு கல்லாக நடந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொன்றின்மேலும் கை வைத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இல்லை, இல்லை என்று. அறுபத்து நாலு தடவை ஆட்டியிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் கழுத்து வலிக்கும்.

கடைசியில் வந்து என் முன்னால் நின்றாள்.

"நான் அன்னிக்கு அங்கதான நின்னுகினு இருந்தேன்" என்றாள்.

மேடம் எழுதும்போது விட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். சாயங்காலம் சார்ட்டை வாங்கிக்கொண்டு வந்து என் குடிசை வாசலில் நின்றேன். அங்கிருந்து இடது பக்கம் ஒவ்வொரு குடிசையாகப் பார்த்து எண்ணினேன். பிறகு வலது பக்கம். படத்தில் இல்லாதவற்றை நோட்டில் எழுதினேன். பதினோரு பேர். எழுதிய பிறகு அந்தப் பேர்களை வரிசையாகப் படித்தேன். எல்லோரும் மரத்தடியில் நின்றவர்கள்.

பெண்டாட்டி இல்லாத ஆறுமுகம் வீடு படத்தில் இருந்தது. வாசற்படியோடு.

மறுநாள் ஆபீஸில் மேடத்திடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பேனாவை மூடினார்.

"என்கிட்ட ஏன் அன்னைக்கே சொல்லல கஸ்தூரி?"

"எனக்கே தெரியல மேடம்."

"வெயிலுக்குன்னு சொன்னியே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கேட்டது நான். நிழல்னு நம்பினதும் நான்தான்" என்றார்.

பேப்பரில் பேரைச் சேர்த்து எழுதினால் உதவி தருகிறவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஊர் கூடிப் போட்ட படம், தலைவர் கையெழுத்து. அப்படித்தான் விதி. வியாழக்கிழமை மதியத்துக்குள் புதுப் படம் போய்ச் சேர்ந்தால் உண்டு. இல்லையென்றால் அறுபத்து நாலுதான். அன்று திங்கட்கிழமை.

தலைவர் துண்டு

தலைவர் வலை காயப்போடுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். போய் நின்றேன்.

"தலைவரே, பதினோரு வூடு வுட்டுப் போச்சி."

துண்டை எடுத்தார். மடித்தார். "எந்த எந்த வூடு?"

சொன்னேன்.

"அதுங்க எல்லாம் யார்கூடனா கீதுங்க இல்ல? தேசம்மா அதும் கொழுந்தன் கணக்குல வந்துட்ச்சே."

"தனி அடுப்பு தலைவரே."

துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"சேத்துக்கோ. யார் வாணான்றா. ஆனா பக்கத்து வூட்டுக்காரி எவளையாவது போடச் சொல்லு. கோவில் வாசல்ல அதுங்க கையால வாணாம். நாளைக்கு ஆத்துல எதுனா ஒன்னு ஆச்சின்னா, அன்னிக்கு மாவு தொட்டாளுங்களே, அதான்னு என்னிய வந்து கேப்பானுங்க."

கெட்ட மனிதர் இல்லை. அவருடைய இரண்டு பிள்ளைகளும் கடலுக்குப் போகிறவர்கள். பயம்.

எனக்கு அது போதும் என்று பட்டது. யார் கை போட்டால் என்ன, வீடு வந்தால் சரி. தேசம்மா அக்காவிடம் போனேன். அவள் அடுப்பு முன்னால் குந்தியிருந்தாள்.

"ருக்கு போட்டுக் குடுக்குதுக்கா. தலைவர் சரின்னுட்டாரு."

"வாணாம்."

"ஏன்கா?"

"கொழா யார் பேர்ல போட்டீங்க?"

எனக்குத் தெரியும். போன வாரம் இதை எழுதாமல் விட்டேன். குழாய்க்குப் பட்டியல் எடுத்தபோது தேசம்மா அக்கா பேரை அவள் கொழுந்தன் தன் பேரோடு சேர்த்துச் சொன்னான். குழாய் அவன் வாசலில் நின்றது. அவன் பெண்டாட்டி குளித்து, துணி துவைத்து, பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் இவளுக்குத் தண்ணீர். அந்தப் பட்டியலை எழுதியதும் நான்தான்.

"ருக்கு நல்லவதான்" என்றாள் அக்கா. "இன்னிக்கு அவ கையால போடுவா. நாளைக்கு அது அவ வூட்டுத் தாவாரம்னு எவனாவது எய்திக்குவான். எம் பொண்ணு வந்து யார் வூட்டுத் தரையில படுக்கும்?"

"அப்ப இன்னா பண்றதுக்கா?"

"நீதான ஆபீஸு. என்னிய கேக்கற."

அடுப்பை ஊதினாள். சாம்பல் பறந்து அவள் புருவத்தில் ஒட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

மறுபடி அதே மரம்

வியாழக்கிழமை காலை. அதே ஆட்கள். அதே இடம். நான் பெருக்கினேன், தெளித்தேன், டின்னைப் பிடித்தேன். அறுபத்து நாலு பேரும் மறுபடி போட்டார்கள். ருக்கு மறுபடி கல் தேடினாள். கிடைக்கவில்லை. ஏழாவது கொட்டையை வைத்தாள். "கல்லு கூட ஓடிப்போச்சி" என்றாள். பாதிப் பேர்தான் சிரித்தார்கள்.

வெள்ளை வீடுகள் முடிந்தன. மேடம் மரத்தடியைப் பார்த்தார். அங்கே யாரும் அசையவில்லை. தலைவர் வானத்தைப் பார்த்தார்.

"குடும்மே, நானே போட்றேன். எனுக்கு இன்னா கை நோவுதா?" என்று ருக்கு என்னிடம் கை நீட்டினாள்.

தேசம்மா அக்கா மரத்தடியிலிருந்து கிளம்பினாள். கோவில் பக்கம் வரவில்லை. திரும்பித் தெற்கே நடந்தாள். யாரையும் பார்க்காமல் நடந்தாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். "போயிட்டா பாரு" என்றாள் ஒருத்தி. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றைத் தாண்டியிருந்தது.

அக்கா திரும்பி வந்தாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கனமாக இருந்தது. நேராகத் தலைவர் முன்னால் வந்து நின்று முந்தானையைக் கொஞ்சம் பிரித்துக் காட்டினாள்.

சாம்பல். பாத்திரம் தேய்க்க அள்ளுகிற அதே சாம்பல்.

"மாவுதான தொடக் கூடாது. இத தொடலாம் இல்ல தலைவரே?"

தலைவர் துண்டை எடுத்தார். மடிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அத தினிக்கும் துன்னுகினுதான கீறோம்" என்றார். "தொடறதுக்கு இன்னா."

பெண்கள் விலகி வழி விட்டார்கள். அக்கா வரிசையின் கடைசிக்குப் போய், நீல வளைவுக்குப் பக்கத்தில் குனிந்தாள். சாம்பல் மாவு மாதிரி விரலிலிருந்து ஒழுங்காக இறங்காது. காற்றில் பறக்கும். இரண்டு தடவை கலைந்தது. ருக்கு ஓடிப்போய் அவளுக்கும் காற்றுக்கும் நடுவே சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். நாலு கோடு. ஒரு கூரை. ஒரு வாசல்.

புளியங்கொட்டை இரண்டு எடுத்து உள்ளே வைத்தாள்.

"செல்வி பழவேற்காட்ல இல்ல கீது" என்றாள் ஒருத்தி.

"வரும்" என்றாள் அக்கா.

பிறகு மரத்தடியிலிருந்து ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கை உள்ளே போகும். சாம்பலாக வெளியே வரும். சிலருக்கு வருஷக்கணக்காகக் கோடு போட்டுப் பழக்கம் விட்டிருந்தது. ஒரு வயசான அம்மா போட்ட வீட்டுக்கு மூன்று சுவர்தான் இருந்தது. அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீடு உடனே வரவில்லை. ஒரு மழைக்காலம் அதே குடிசைகளில்தான் போனது. அடுத்த மழைக்கு முன்னால் மேட்டில் தரை போட்டார்கள். ஊருக்குள் யாருக்கும் ஆற்றில் ஒன்றும் ஆகவில்லை. செல்வி ஒரு நாள் மத்தியானம் மாமியாரோடு வந்தாள். செருப்பைக் கழற்றி, உள்ளங்காலைத் தரையில் வைத்து அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். மாமியார்க்காரியும் வைத்துப் பார்த்தாள். தேசம்மா அக்கா மடவை மீன் குழம்பு வைத்தாள்.

அது பிற்பாடு. அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

மேடம் சார்ட்டில் எடுத்துக்கொண்டிருந்தார். மண்ணில் இரண்டு நிறம். பேப்பரில் எல்லா வீடும் ஒரே பேனாதான். தலைவர் கையெழுத்துப் போடப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வீடு அறுபத்து நாலு என்று எழுதிவிட்டு மேடம் தலை நிமிர்ந்தார்.

"கஸ்தூரி, சாம்பல் வீடு எத்தனை?"

நோட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. "பதினொண்ணு மேடம்."

தேசம்மா அக்கா இன்னும் முந்தானையை விடவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாமே எண்ற நீ" என்றாள். "உன் வூடு எங்க?"

எனக்கு உடனே புரியவில்லை. மண்ணைப் பார்த்தேன். கோவில் இருந்தது. ஆறு இருந்தது. என் குடிசைக்கு இடது பக்கத்து வீடு இருந்தது. வலது பக்கத்து வீடு இருந்தது. நடுவில் நான் பெருக்கிய தரை வெறுமையாக இருந்தது.

"நான் ஆபீஸ் ஆளுக்கா" என்றேன்.

"மழ பெய்யும்போது ஆபீஸு வந்து உன் கூரைய புடிச்சிக்குதா?"

ருக்கு என் பக்கத்தில் வந்தாள். அந்த ஆடி மாதத்தில் செய்த மாதிரியே டின்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை துடைப்பம் கொடுக்கவில்லை.

தேசம்மா அக்கா முந்தானையைப் பிரித்துப் பிடித்தாள். அடியில் கொஞ்சம் மீதி இருந்தது. கையை விட்டேன். சூடாக இருந்தது. வெயிலில் கிடந்த சாம்பல்.

குனிந்து போட்டேன். கூரை கொஞ்சம் கோணலாக வந்தது. ஒரு புளியங்கொட்டை வைத்தேன்.

மேடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"மறுபடி எண்ணிச் சொல்லு கஸ்தூரி."

இந்தத் தடவை கோவிலிலிருந்து ஆரம்பித்தேன்.

பன்னிரண்டு.